எத்தனை பிடி வேண்டும்?

வீட்டின் தரைப்படத்தில் கதவு மிகச் சிறிய உருவம். சுவரில் ஓர் இடைவெளி, இரு ஓரத்திலும் நிலைக்காலின் வெட்டுமுகம், திறந்து நிற்கும் பலகைக்கு ஒரு கோடு, அது சுழலும் பாதைக்கு ஒரு கால்வட்டம். அவ்வளவே. ஆனால் அந்தச் சின்னத்துக்குள் அடங்கியிருக்கும் தெரிவுகளை எண்ணத் தொடங்கினால் கணக்கு வேகமாகப் பெருகுகிறது. அகலம் 750, 900, 1000, 1200 மில்லிமீட்டர் என நான்கு வகை என்போம். சுவரின் கனம் 115 அல்லது 230. கீல் இடப்புறமா, வலப்புறமா? கதவு உள்ளே திறக்குமா, வெளியேயா? நான்கை மூன்று முறை இரட்டித்தால் 32. ஒற்றைப் பலகை, இரட்டைப் பலகை, தள்ளுகதவு என்ற மூன்று வகையும் சேர்ந்தால் 96. இரட்டைக் கதவுக்குக் கீல் எந்தப் பக்கம் என்ற கேள்வியே எழாது என்று சிலவற்றைக் கழித்தாலும் மிஞ்சுவது ஏராளம்.

இந்த உருவங்கள் ஒவ்வொன்றையும் தனிப் பெயரில் சேமித்து, தேவைப்படும்போது தேடி எடுப்பது ஒரு வழி. ஒரே உருவத்துக்குள் ஐந்து கேள்விகளை வைத்து, அதை எடுத்துப் பயன்படுத்துகிறவர் அந்த இடத்திலேயே விடை சொல்லும்படி செய்வது இன்னொரு வழி. 4, 2, 2, 2, 3 என்ற எண்கள் முதல் வழியில் பெருகுகின்றன, இரண்டாவதில் கூடுகின்றன. கூட்டினால் 13 தெரிவுகள்தான். ஆட்டோகேட் மென்பொருளில் டைனமிக் பிளாக் என்று சொல்லப்படுவது இந்த இரண்டாவது வழி. அதில் ஒவ்வொரு கேள்வியும் ஓர் அளவுரு. படத்தின் மேல் சிறு நீலச் சதுரமாகவோ அம்பாகவோ தெரியும் பிடியைப் பிடித்து இழுத்தால் அந்த அளவுரு மாறும்.

ஒரே ஓர் அளவுரு வைத்த பிளாக்கை யாரும் அரைமணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். சிக்கல் இரண்டாவது அளவுருவில் தொடங்குகிறது. அகலத்தை மாற்றினால் சுவரின் கனம் கெடுகிறது. கனத்தை மாற்றினால் கால்வட்டம் பலகையை விட்டு விலகி நிற்கிறது. மென்பொருளைக் குறை சொல்வது எளிது. பெரும்பாலான வேளைகளில் பிழை வேறிடத்தில் இருக்கிறது: அந்தப் பொருளில் எவை சுதந்திரமான அளவுகள், எவை அவற்றைச் சார்ந்தவை என்பதை வரைந்தவர் முதலிலேயே தீர்மானிக்கவில்லை. பல அளவுருக்களைக் கட்டி ஆளும் கலை முழுவதும் அந்தத் தீர்மானத்தில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. பட்டன்கள் அதற்குப் பிறகு வருபவை.

இந்தச் சிந்தனை டைனமிக் பிளாக் வெளிவந்த 2005-இல் பிறந்ததல்ல. 1963-இல் எம்ஐடியில் ஐவன் சதர்லாண்ட் என்ற ஆய்வு மாணவர் ஸ்கெட்ச்பேட் என்ற நிரலைத் தம் முனைவர் பட்டத்துக்காகச் சமர்ப்பித்தார். தகவல் கோட்பாட்டைத் தந்த கிளாட் ஷானன்தான் அவருடைய வழிகாட்டி. லிங்கன் ஆய்வுக்கூடத்தில் இருந்த டிஎக்ஸ்-2 என்ற கணினியின் திரையில் ஒளிப்பேனாவால் தொட்டு வரையலாம். மனிதர் கணினியோடு படத்தின் வழியாகப் பேசியதில் அது முன்னோடி. அதில் இரண்டு யோசனைகள் அப்போதே முழு உருவில் இருந்தன. ஒன்று, மூலப்படமும் அதன் நகல்களும்: மூலத்தைத் திருத்தினால் எல்லா நகல்களும் திருந்தும். மற்றது கட்டுப்பாடு: இந்தக் கோடு அதற்கு இணை, இவ்விரண்டும் சம நீளம் என்று சொல்லிவிட்டால் நிரல் அதைக் காப்பாற்றித் தரும்.

ஸ்கெட்ச்பேடின் நகல் ஒவ்வொன்றுக்கும் நான்கே எண்கள்: கிடைத்தொலைவு, உயரம், திருப்பம், பருமன். நகலை எங்கும் வைக்கலாம், சுழற்றலாம், பெரிதாக்கலாம். அதன் உள்ளே கைவைக்க முடியாது. 1982-இல் வெளிவந்த ஆட்டோகேடும் அதற்குப் பிந்திய அதன் பல பதிப்புகளும் பிளாக்கை அப்படித்தான் நடத்தின. 900 கதவை 1200 ஆக்க வேண்டுமென்றால் எல்லாவற்றையும் மூன்றில் ஒரு பங்கு பெரிதாக்க வேண்டும். 75 மி.மீ. நிலைக்கால் 100 ஆகும்; 230 சுவருக்கு வரைந்த நிலை 307 ஆகிச் சுவரைத் தாண்டி நீட்டிக்கொண்டு நிற்கும். அகலவாக்கில் மட்டும் பெருக்கினால் கால்வட்டம் நீள்வட்டத் துண்டாகும். பலகையின் நீளமோ பழைய 900-இலேயே நிற்கும். உண்மையான பொருள்கள் எல்லாத் திசையிலும் ஒரே விகிதத்தில் வளர்வதில்லை. பெரிய கதவுக்கும் அதே கனச் சுவர்தான். நகலின் உள்ளே தேர்ந்தெடுத்து மாற்றும் வசதி ஆட்டோகேட் 2006 பதிப்பில் வந்தது. அந்தப் பதிப்பு வெளியானது 2005-இல். சதர்லாண்டின் ஆய்வேட்டுக்கும் அதற்கும் இடையே 42 ஆண்டுகள்.

ஓர் உருவத்தை எத்தனை எண்கள் முழுமையாக நிர்ணயிக்கும் என்ற கேள்வி கணினிக்கும் முந்தியது. இயற்பியல் பாடத்தில் சுதந்திர இயக்கக் கூறு என்று படித்திருப்போம். தாளின் மேல் ஒரு புள்ளிக்கு அது 2: இடவலம், மேல்கீழ். கோட்டுத் துண்டுக்கு இரு முனைகள், ஆகவே 4. வட்டத்துக்கு மையமும் ஆரமும் சேர்ந்து 3. வில்லுக்குத் தொடக்கக் கோணமும் முடிவுக் கோணமும் கூடி 5. இப்போது கதவுச் சின்னத்தை எண்ணிப் பாருங்கள். இரண்டு நிலைக்கால்களும் நாற்கரங்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கு முனைகள், ஆகவே எட்டும் எட்டும் 16. பலகைக்கோடு 4. வில் 5. ஆக 25. இருபத்தைந்து விதமாக அந்தப் படத்தைக் கலைக்க முடியும். ஆனால் கதவு என்ற பொருளுக்கு எத்தனை சுதந்திரம்? எங்கே நிற்கிறது என்பதற்கு இரண்டு, எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதற்கு ஒன்று, அகலம் ஒன்று, சுவரின் கனம் ஒன்று. ஐந்துதான். முதல் மூன்றை எந்தப் பிளாக்கும் ஏற்கெனவே வைத்திருக்கிறது. எனவே அளவை மாற்ற உள்ளே நமக்கு வேண்டியவை இரண்டே இரண்டு பிடிகள்; கீலின் பக்கம், திறக்கும் திசை, கதவின் வகை ஆகியவை அளவுகள் அல்ல, தெரிவுகள். மற்ற இருபதும் கட்டப்பட வேண்டியவை. நல்ல பிளாக் எது என்பதை அதன் பிடிகளின் எண்ணிக்கை சொல்வதில்லை. தேவையில்லாத இருபதை அது எவ்வளவு உறுதியாகக் கட்டியிருக்கிறது என்பதுதான் சொல்கிறது.

பந்தல் போடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு கையில் இருக்கிறது. நான்கு மூங்கில்களைச் சதுரமாகக் கட்டினால் அது ஆடும். ஒரு குறுக்கு மூங்கிலைக் கட்டினால் நிற்கும். 1864-இல் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் இதை எண்ணாகச் சொன்னார். தட்டையான சட்டத்தில் முடிச்சுகளின் எண்ணிக்கையை இரட்டித்து மூன்றைக் கழியுங்கள். அத்தனை கழிகள் தேவை. நான்கு முடிச்சுக்கு 5. கழிக்கப்படும் அந்த மூன்றும் சட்டத்தை முழுதாக நகர்த்தவும் திருப்பவும் விடுபவை. நம் பிளாக்கின் இடமும் திருப்பமும் அவைதாம்.

மேக்ஸ்வெலின் எண்ணிக்கை மட்டும் போதாது. ஒட்டிய இரு சதுரங்களில் ஒன்றில் இரண்டு குறுக்குக் கழிகளைக் கட்டிவிட்டு மற்றதை வெறுமனே விட்டால் மொத்தம் சரியாக வரும், பந்தலும் ஆடும். சட்டத்தின் எந்தப் பகுதியைத் தனியே எடுத்தாலும் அங்கே இருக்கும் கழிகள் அந்த வாய்பாடு தரும் எண்ணை மிஞ்சக் கூடாது என்ற கூடுதல் நிபந்தனை வேண்டும். இதை 1970-இல் நெதர்லாந்துக் கணிதவியலர் ஜெரார்டு லாமன் நிறுவினார். நெடுங்காலம் அவர் பெயரில் மட்டுமே வழங்கியது. ஆனால் ஹில்டா பொலாட்செக்-கைரிங்கர் என்ற வியன்னாப் பெண் 1927-இலேயே அதை எழுதி வெளியிட்டிருந்தார். நாஜிகளின் ஆட்சியில் ஜெர்மனியை விட்டு வெளியேற நேர்ந்து, இஸ்தான்புல் வழியாக அமெரிக்கா போய்ச் சேர்ந்தவர் அவர். இன்று வரைபட மென்பொருளில் ஒரு பகுதியில் கட்டுப்பாடு அதிகம் என்ற எச்சரிக்கையும் இன்னொரு பகுதியில் கோடுகள் கட்டவிழ்ந்து நழுவுவதும் ஒரே நேரத்தில் நிகழும்போதெல்லாம் அவர் கண்ட உண்மைதான் நம் முன் நிற்கிறது. அவர் பெயரையும் சேர்த்தே சொல்வது நியாயம்.

இனி, கட்டுவது எப்படி என்று பார்ப்போம். ஆட்டோகேடில் அதற்கு இரண்டு வேறு உலகங்கள் உண்டு. முதல் உலகத்தில் அளவுருவும் செயலும் தனித்தனி. அளவுரு ஓர் எண்ணை வைத்திருக்கும். அந்த எண் மாறினால் எந்தக் கோடுகள் என்ன ஆக வேண்டும் என்பதைச் செயல் சொல்லும். நேர்கோட்டு அளவுரு, துருவ அளவுரு, சுழற்சி, புரட்டல், எந்தக் கோடுகள் தெரியும் எவை மறையும் என்பதற்கான தோற்றநிலை, அட்டவணைக்கான லுக்கப் என்று அளவுருக்களில் பல வகை. ஸ்ட்ரெச், மூவ், ஸ்கேல், ரொட்டேட், அர்ரே என்று செயல்களிலும் பல. பலர் கவனிக்காத உண்மை ஒன்று இங்கே உண்டு: ஓர் அளவுருவில் எத்தனை செயல்களை வேண்டுமானாலும் மாட்டலாம்.

கதவின் அகலத்தையே எடுத்துக்கொள்வோம். கீலில் தொடங்கி எதிர்நிலைக்கால் வரை ஒரு நேர்கோட்டு அளவுரு. அதன் முனையை 300 மி.மீ. இழுத்தால் மூன்று விஷயங்கள் நடக்க வேண்டும். எதிர்நிலைக்கால் சுவர் வழியே 300 நகர வேண்டும். திறந்து நிற்கும் பலகை சுவருக்குச் செங்குத்தாக 300 வளர வேண்டும். கால்வட்டத்தின் ஆரம் அதே விகிதத்தில் பெருக வேண்டும். முதலாவதுக்குச் சாதாரண ஸ்ட்ரெச் போதும். இரண்டாவதும் ஸ்ட்ரெச்தான், ஆனால் அதன் கோணவிலக்கு என்ற பண்பில் 90 என்று கொடுக்க வேண்டும். இழுத்தது கிடையாக, வளர்வது நிமிர்ந்து. மூன்றாவதுக்கு ஸ்கேல்; அது தொலைவைக் கூட்டாமல், அளவுருவின் புதிய மதிப்பைப் பழைய மதிப்பால் வகுத்து வரும் விகிதத்தால் பெருக்கும். ஒரே பிடி, மூன்று விதமான கணக்கு, மூன்றும் ஒரே கணத்தில். இரட்டைக் கதவில் ஒவ்வொரு பலகையும் பாதிதான் வளர வேண்டும். அதற்குச் செயலின் தொலைவுப் பெருக்கி 0.5. சன்னலை அதன் நடுவிலிருந்து இருபுறமும் சமமாக விரிக்க அளவுருவின் தளத்தை நடுப்புள்ளி என்று மாற்றிவிட்டால் போதும், பெருக்கியே தேவையில்லை.

இரண்டாவது அளவுருவான சுவர் கனம் இப்போது நுழையட்டும். கனத்தைக் கூட்டும்போது நிலைக்கால்களின் ஒரு முகம் மட்டும் நகர வேண்டும். பலகையும் வில்லும் அந்த முகத்தின் பக்கம் இருந்தால் அவையும் கூடவே நகர வேண்டும். இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். கோடுகளையும் வில்லையும் தேர்ந்தெடுத்துச் செயலில் சேர்ப்பார்கள். அகல அளவுருவைச் சேர்க்க மறந்துவிடுவார்கள். பிளாக்கின் உள்ளே அளவுருவும் ஓர் உருப்படிதான். அதற்கும் தொடக்கப்புள்ளி, முடிவுப்புள்ளி என்று இடங்கள் உண்டு. கதவு நகர்ந்துவிட்டு அளவுரு பழைய இடத்திலேயே நின்றால், அடுத்த முறை அகலத்தை மாற்றும்போது வில் தவறான புள்ளியைச் சுற்றிப் பெருகும். ஸ்கேல் செயலின் அடிப்புள்ளியைத் தனியாகக் குறிக்காமல் அளவுருவைச் சார்ந்ததாக வைத்து, அந்த அளவுருவையும் கனச் செயலின் தேர்வில் சேர்த்துவிட்டால் இது நேராது. இன்னும் எளிய வழியும் உண்டு: கனம் கீலுக்கு எதிர்ப்பக்கமாகவே வளரும்படி வரையுங்கள். அப்போது இரு அளவுருக்களும் ஒன்றையொன்று தொடவே தொடா. ஒன்றையொன்று தொடாத அளவுருக்களைத் தேர்ந்தெடுப்பதை எந்தத் தந்திரத்தையும்விட மேலானதாக நான் மதிக்கிறேன்.

தொடாமல் இருக்க முடியாத இடங்களும் உண்டு. கதவும் அதையொட்டிய சன்னலும் ஒரே சட்டத்தில் அமைந்த முன்தோற்றத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மொத்த நீளம் ஓர் அளவுரு. சன்னலின் அகலம் இன்னொன்று. சன்னல் விரிந்தால் 100 மி.மீ.க்கு ஒரு கம்பி வீதம் கூட வேண்டும் என்று அதில் அர்ரே செயல் மாட்டியிருக்கிறது. மொத்த நீளத்தை இழுத்தால் சன்னலின் ஓரமும் நகர்கிறது. கம்பிகள் கூடுமா? அது ஒரே ஒரு பண்பைப் பொறுத்தது: சன்னல் அளவுருவில் உள்ள செயின் ஆக்‌ஷன்ஸ். அது ‘ஆம்’ என்றிருந்தால், மொத்த நீளத்தின் ஸ்ட்ரெச் சன்னல் அளவுருவின் முனையை நகர்த்தும்போது, நாமே அந்தப் பிடியை இழுத்தது போலக் கருதி அதன் செயல்களும் இயங்கும். ‘இல்லை’ என்றிருந்தால் முனை நகரும், கம்பிகள் பழைய எண்ணிக்கையிலேயே நிற்கும். ஓர் அளவுரு இன்னொன்றை ஆள்வதற்குச் செயல்களின் உலகில் உள்ள நேரடிப் பாலம் இதுதான். மேலிருந்து கீழாக ஒரே திசையில் ஓடும் சங்கிலியாக இதை அமைத்துக்கொண்டால் என்ன நடக்கிறது என்பது படிக்கிறவருக்கும் புரியும். திரும்பி வந்து தன்னையே தொடும் சங்கிலி வேண்டாம்.

ஒன்றையொன்று இழுக்காமல், ஒரே பெயரின் கீழ் பல அளவுருக்கள் சேர்ந்து மாற வேண்டிய நிலை வேறு. கட்டட வரைபடங்களில் டி, டி1, டி2 என்று கதவுகளுக்குக் குறி இருக்கும். டி என்றால் 1200, இரட்டைப் பலகை. டி1 என்றால் 900, ஒற்றை. டி2 என்றால் 750, ஒற்றை. இது சூத்திரம் அல்ல, முடிவு. வீட்டுக்காரரும் கட்டடக் கலைஞரும் சேர்ந்து எடுத்த முடிவு. அதற்கு அட்டவணைதான் சரி. லுக்கப் அளவுருவின் அட்டவணையில் ஒரு பக்கம் அகலம், தோற்றநிலை போன்ற உள்ளீடுகள், மறுபக்கம் பெயர். பட்டியலிலிருந்து டி1-ஐத் தேர்ந்தால் அந்த வரிசையில் உள்ள எல்லா அளவுருக்களும் ஒரே சமயத்தில் மாறும். ஒரு பிளாக்குக்கு ஒரே ஒரு தோற்றநிலை அளவுருதான் அனுமதி என்பதால், அதையும் மற்றவற்றோடு சேர்த்துக் கட்ட இந்த அட்டவணை மிகவும் உதவும்.

அட்டவணைக்கும் ஒரு தர்க்கம் உண்டு. பெயரிலிருந்து அளவுகளுக்குப் போவது போலவே அளவுகளிலிருந்து பெயருக்கும் அது வர முயல்கிறது. இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 808-இல் உள்ள எஃகு விட்டங்களைப் பாருங்கள். ஐஎஸ்எம்பி 200-க்கு விளிம்பின் அகலம் 100 மி.மீ.; 250-க்கு 125. அடுத்து 300, 350, 400 மூன்றுக்கும் அகலம் ஒரே 140. அகலத்தை மட்டும் உள்ளீடாக வைத்த அட்டவணையிடம் 140 என்று சொன்னால் அது எந்த விட்டத்தின் பெயரைச் சொல்லும்? மூன்று வரிசைகள் ஒரே விடைக்குப் போட்டியிடுகின்றன. வரிசைகள் தனித்தன்மையோடு இருந்தால்தான் பெயரைத் தேர்ந்து அளவுகளை மாற்றும் வசதியையே மென்பொருள் அனுமதிக்கும். உயரத்தையும் உள்ளீடாகச் சேர்த்த உடனே குழப்பம் தீர்ந்துவிடும். எந்த அளவுகள் சேர்ந்தால் ஒரு பொருளை ஐயமின்றி அடையாளம் காட்டும் என்று அட்டவணை நம்மை யோசிக்க வைக்கிறது. இந்தக் கண்டிப்பு நமக்கு நல்லது.

எப்போது சூத்திரம், எப்போது அட்டவணை? அறுகோணத் தலை போல்ட் இதற்கு அருமையான பாடம். ஐஎஸ்ஓ 4014 தரப்படி எம்12, எம்16, எம்20 போல்ட்களின் தலையில் ஸ்பானர் பிடிக்கும் அகலம் 18, 24, 30. விட்டத்தின் சரியாக ஒன்றரை மடங்கு. ஆகா, சூத்திரம் கிடைத்துவிட்டது என்று தோன்றும். எம்10-க்கு அந்த அகலம் 16, எம்8-க்கு 13. ஒன்றரை மடங்கு என்று எழுதியிருந்தால் 15-உம் 12-உம் வந்திருக்கும். அந்த ஸ்பானர் அந்தத் தலையில் ஏறாது. எனவே விட்டத்துக்கும் தலைக்கும் உள்ள உறவு அட்டவணைக்குரியது. ஆனால் அந்தத் தலையின் எதிர்முனைகளுக்கு இடையிலான தூரம் வேறு கதை: பக்கங்களுக்கு இடையிலான தூரத்தை 1.1547-ஆல் பெருக்கினால் போதும், 24-க்கு 27.7. அது அறுகோணத்தின் வடிவியல், எந்தக் குழுவும் கூடி முடிவு செய்யாதது. அதைச் சூத்திரமாக வைக்கலாம், வைக்கவும் வேண்டும். நிஜ போல்ட்டில் முனை மழுங்குவதால் சற்றுக் குறையும் என்பது தனிக் கணக்கு.

மறை வெட்டிய நீளம் இன்னும் சுவையானது. போல்ட்டின் நீளம் 125 மி.மீ. வரை இருந்தால் மறை நீளம் விட்டத்தின் இருமடங்கோடு 6. 125-க்கு மேல் 200 வரை இருமடங்கோடு 12. அதற்கும் மேல் 25. எம்16 போல்ட் 80 நீளத்தில் வந்தால் மறை 38. அதே எம்16 150 நீளத்தில் வந்தால் 44. விட்டம், நீளம் என்ற இரண்டு சுதந்திர அளவுகள் சேர்ந்து மூன்றாவதைத் தீர்மானிக்கின்றன. அதுவும் சீராக இல்லாமல் படி தாண்டித் தாண்டி. இப்படிப்பட்ட விதிகளை வரிசை வரிசையாக அட்டவணையில் எழுதிவிடுவதே மேல். நூறு வரிசை வந்தாலும் அடுத்தவர் திறந்து படித்துச் சரிபார்க்க முடியும்.

இரண்டாவது உலகம் கட்டுப்பாடுகளுடையது. 2009-இல் வெளிவந்த ஆட்டோகேட் 2010 பதிப்பில் அது பிளாக்குக்குள் வந்தது. இங்கே எதை எப்படி நகர்த்து என்று சொல்வதில்லை; எது எப்போதும் உண்மையாக இருக்க வேண்டும் என்று சொல்கிறோம். ஒரு நாற்கரத்துக்கு நான்கு முனை, 8 சுதந்திரம். மேலும் கீழும் கிடைக்கோடு, இரு பக்கமும் நிமிர்கோடு என்று நான்கு கட்டுப்பாடு விதித்தால் மீதி 4. ஒரு மூலையை நிலைநிறுத்தினால் 2: நீளம், அகலம். அகலம் எப்போதும் நீளத்தில் பாதி என்று ஒரு சமன்பாடு எழுதினால் 1. மீதமுள்ள அந்த ஒன்றுக்கு ஓர் அளவைப் பெயரோடு கொடுத்தால் முடிந்தது. அதற்கும் மேல் மூலைவிட்டத்தையும் அளவிட்டுக் கட்ட முயன்றால், கட்டுப்பாடு மிஞ்சுகிறது என்று மென்பொருள் மறுத்துவிடும். எந்தக் கோடு முழுதும் கட்டப்பட்டது, எது பாதி கட்டப்பட்டது என்று வண்ணத்தால் பிரித்துக் காட்டும் வசதி பிளாக் எடிட்டரில் உண்டு. அதை இயக்கி வைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள்.

இந்த இரு உலகங்களின் வேறுபாட்டையும் சதர்லாண்ட் 1963-இலேயே சந்தித்தார். கட்டுப்பாடுகளை ஒன்றன்பின் ஒன்றாக வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றும் முந்தியதை மட்டும் நம்பி நிற்கும்படி அமைக்க முடிந்தால், ஸ்கெட்ச்பேட் ஒரே நடையில் விடை கண்டுவிடும். செயல்களின் சங்கிலி போன்றது அது. முடியாவிட்டால் தளர்த்தல் முறை: ஒவ்வொரு புள்ளியையும் சிறிது நகர்த்திப் பார்த்து, மொத்தப் பிழை குறையக் குறைய மெல்ல மெல்ல விடையை நெருங்கும். எல்லாச் சமன்பாடுகளையும் ஒன்றாக வைத்துத் தீர்க்கும் இன்றைய முறைகளின் மூத்த உறவு அது.

ஒன்றாகத் தீர்ப்பதில் ஓர் அபாயம் உண்டு. ‘இந்தப் புள்ளி அதிலிருந்து 500 தொலைவில்’ என்பது ஒரு வட்டம். இரண்டு தொலைவுகளைச் சொன்னால் இரண்டு வட்டங்கள். அவை பொதுவாக இரண்டு இடங்களில் வெட்டிக்கொள்ளும். மூன்று பக்கங்களும் தெரிந்த முக்கோணத்தை நிமிர்த்தும் வரையலாம், கவிழ்த்தும் வரையலாம். இரண்டும் சமன்பாட்டுக்குச் சரி. இப்படிப்பட்ட இடங்களில் தீர்வு பெரும்பாலும் இப்போதைய படத்துக்கு அருகில் இருப்பதாகவே அமையும். அளவை ஒரேயடியாகப் பெரிதாக மாற்றினால் மறுபக்க விடைக்குத் தாவிவிடலாம். நல்ல பிளாக் திடீரென்று கவிழ்ந்து நிற்பதற்கு இதுவே முக்கியக் காரணம். முதலில் வரையும் படத்தை உண்மை வடிவத்துக்கு நெருக்கமாக வரைவதும், இணை, செங்குத்து போன்ற திசைக் கட்டுப்பாடுகளைத் தொலைவுக்கு முன் விதிப்பதும் இதைப் பெரிதும் தடுக்கும்.

எதைத் தேர்வது? கதவு, சன்னல், மேசை போன்ற கட்டடச் சின்னங்களுக்குச் செயல்களே போதும். இலகுவாக ஓடும், இழுத்துப் பார்க்கவும் இதமாக இருக்கும். சம்பந்தங்கள் சமன்பாடாக இருக்கும் இயந்திரப் பாகங்களுக்குக் கட்டுப்பாடுகள். ஒரே கோட்டின் மேல் இரண்டையும் ஏற்றி வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

திரைக்குப் பின்னால் நடக்கும் ஒன்றையும் சொல்ல வேண்டும். பிளாக்கின் ஒரு நகலில் அளவுருவை மாற்றியதும் ஆட்டோகேட் அந்த உருவத்துக்கென்று பெயரற்ற புதிய பிளாக் ஒன்றை உண்டாக்கிக்கொள்கிறது. நட்சத்திரக் குறி, யூ என்ற எழுத்து, ஓர் எண் என்று அதற்கு உள்பெயர். நம் கண்ணுக்கு மூலப்பெயரே தெரியும். ஆனால் படத்தில் எத்தனை கதவு என்று எண்ணுவதற்கு யாராவது எழுதிய சிறு நிரல் உள்பெயரைப் பார்த்து எண்ணினால், மாற்றப்பட்ட கதவுகளையெல்லாம் விட்டுவிடும். நடைமுறைப் பெயர் என்ற பண்பைக் கேட்டால் சரியான எண் வரும். பொருள் பட்டியலும் விலை மதிப்பீடும் இந்த எண்ணிக்கையில்தான் நிற்கின்றன.

பிளாக் எடிட்டரைத் திறப்பதற்கு முன் ஒரு தாளில் அந்தப் பொருளின் அளவுகளை எல்லாம் எழுதுங்கள். எவை தாமாக மாறக்கூடியவை, எவை இன்னொன்றைப் பார்த்து மாறுபவை என்று குறித்துக்கொள்ளுங்கள். சார்ந்தவற்றில் எது சூத்திரம், எது அட்டவணை என்று பிரியுங்கள். தாமாக மாறுபவை மூன்று நான்கைத் தாண்டினால் அது இரண்டு பிளாக்காக இருக்க வேண்டியதோ என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். முடித்த பிறகு டெஸ்ட் பிளாக் சாளரத்தில் மிகச் சிறிய மதிப்பு, மிகப் பெரிய மதிப்பு இரண்டையும் கொடுங்கள். அளவுருக்களை வேறு வேறு வரிசையில் மாற்றியும் பாருங்கள், பிழைகள் வரிசையில்தான் ஒளிந்திருக்கும். அகலத்துக்கு மதிப்புத் தொகுதி ஒன்றைக் கொடுத்து 750, 900, 1000, 1200 தவிர வேறெதிலும் பிடி நிற்காதபடி செய்யுங்கள்.

ஒரு வேண்டுகோள். மென்பொருள் தானாக வைக்கும் டிஸ்டன்ஸ்1, டிஸ்டன்ஸ்2 என்ற பெயர்களை அப்படியே விட்டுவிடாதீர்கள். கதவு அகலம், சுவர் கனம் என்று மாற்றி எழுதுங்கள். நீங்கள் செய்த பிளாக்கை நாளை திறக்கப்போகும் இன்னொரு வரைவாளருக்கு உங்கள் தீர்மானங்களைப் படிக்க வேறு வழியே இல்லை.